கண்டதும் கருதியதும்: மழலையர் கல்வியில் ஆசிரியர் ஆய்வாளரான வரலாறு

மழலையர் கல்வி, அதாவது ஏறத்தாழ ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பள்ளியிலோ பள்ளியை ஒத்த ஓரிடத்திலோ அளிக்கப்படும் கல்வி, தனி ஆய்வுத் துறையாக வளர்ந்ததில் பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்களுக்கு உள்ள பங்கு பரவலாக அறியப்பட்டது. குழந்தைகளோடு நாள் முழுவதும் இருந்த ஆசிரியர்கள், தாம் கண்டதைக் கண்டபடி எழுதிவைக்கப் பழகியதற்கு உள்ள பங்கோ அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. உற்றுநோக்கல் என்று இன்று பாடநூல்கள் குறிப்பிடும் இந்தப் பழக்கம் எளிதானதன்று. கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த சிறுவன் கையை வீசினான், கட்டைகள் சரிந்தன என்று எழுதினால் அது கண்டது. கோபத்தில் தள்ளிவிட்டான் என்று எழுதினால் அதில் எழுதியவரின் கருத்தும் கலந்துவிடுகிறது. இவ்விரண்டையும் பிரித்தெழுதும் ஒழுங்கை ஆசிரியர்கள் எப்போது, எவரிடம், எந்தச் சூழலில் கற்றார்கள் என்பதே மழலையர் கல்வி ஆய்வின் வரலாற்றில் மிகுந்த கவனத்துக்குரிய பகுதியாகும்.

இந்த ஒழுங்குக்கு முன்னோடியாக இருந்தவை குழந்தை நாட்குறிப்புகள். ஜெர்மனியில் டீடெமான் 1787-இல் தம் மகனின் வளர்ச்சியைப் பற்றி வெளியிட்ட குறிப்புகளும், சார்லஸ் டார்வின் தம் மூத்த மகனைக் குறித்து எழுதிவைத்து, ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் கழித்து 1877-இல் அச்சிட்ட கட்டுரையும், வில்ஹெல்ம் பிரையர் 1882-இல் வெளியிட்ட நூலும் இவ்வகையின் பெயர்பெற்ற எடுத்துக்காட்டுகள். இவை அனைத்தும் தந்தை தம் வீட்டுக் குழந்தை ஒன்றைப் பார்த்து எழுதியவை என்பதால், பல குழந்தைகள் கூடியிருக்கும் பள்ளியில் என்ன நிகழ்கிறது என்ற கேள்விக்கு இவற்றில் விடையில்லை. அமெரிக்க உளவியலறிஞர் ஸ்டான்லி ஹால் அந்தக் கேள்வியை நோக்கி ஓரடி வைத்தார். பாஸ்டன் நகரில் புதிதாகப் பள்ளிக்கு வந்த குழந்தைகளுக்குப் பசு, தேன்கூடு போன்ற சாதாரணப் பொருள்களைப் பற்றி என்ன தெரியும் என்பதைக் கிண்டர்கார்டன் ஆசிரியைகளைக் கொண்டு கேட்டறிந்து, 1883-இல் அவர் வெளியிட்ட ஆய்வு ஆசிரியரை ஆய்வுக்குள் அழைத்துவந்தது உண்மை. ஆனால் கேள்விகளை வகுத்தவர் ஹால். முடிவு கூறியவரும் அவரே. ஆசிரியைகள் விடைகளைத் திரட்டித் தந்தவர்களாக மட்டுமே இருந்தார்கள். அடுத்து வந்த ஆண்டுகளில் அவர் ஆசிரியர்களுக்கும் தாய்மார்களுக்கும் வினாநிரல்களை அனுப்பிக் குவித்த விடைகள் பிற்காலத்தவரால் அதிகம் பயன்படுத்தப்படாமல் போனதற்கும், எழுதியவர்கள் எவருக்கும் எழுதும் முறையில் பயிற்சி இல்லாததே முக்கியக் காரணம்.

அந்தப் பயிற்சி என்னவாக இருக்க வேண்டும் என்பதைத் தெளிவாக்கியவர்களில் முதன்மையானவர் இங்கிலாந்தைச் சேர்ந்த சூசன் ஐசக்ஸ். 1885-இல் லங்காஷயரில் பிறந்த இவர், கடவுள் நம்பிக்கையைக் கைவிட்டதை அறிந்த தந்தை பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டதால் இளமையிலேயே படிப்பை இழந்தவர். சிறு குழந்தைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியப் பயிற்சிக்கென்று மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, அங்கிருந்த பேராசிரியர்கள் திறமையை இனங்கண்டதால் பட்டப்படிப்புக்கு மாறி, 1912-இல் மெய்யியலில் முதல் வகுப்பில் தேறினார். பின்னர் கேம்பிரிட்ஜ் உளவியல் ஆய்வுக்கூடத்தில் பயின்றார். உளப்பகுப்பாய்விலும் தேர்ச்சி பெற்றார். வகுப்பறையையும் ஆய்வுக்கூடத்தையும் ஒருங்கே அறிந்தவர்கள் அக்காலத்தில் மிகச் சிலரே. அவருடைய பிற்காலப் பணியின் வலிமைக்கு இந்த இரட்டைப் பழக்கமே அடிப்படை என்று கொள்ள வேண்டும்.

1924-ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில் கேம்பிரிட்ஜில் மால்ட்டிங் ஹவுஸ் பள்ளி தொடங்கப்பட்டது. தம் மகனுக்குப் பொருத்தமான பள்ளி தேடிக் கிடைக்காத ஜெஃப்ரி பைக் என்பவர், உலோகச் சந்தையில் ஈட்டிய பணத்தைக் கொண்டு அதை நிறுவி, நடத்தும் பொறுப்பை ஐசக்ஸிடம் ஒப்படைத்தார். ஐந்து வயதுக்கும் குறைந்த பத்துச் சிறுவர்களுடன் தொடங்கிய அப்பள்ளியில் பாடவேளைகள் இல்லை. தோட்டம், மணற்குழி, வளர்ப்பு விலங்குகள், உண்மையான தச்சுக் கருவிகள், ஆய்வுக்கூடங்களில் காணப்படும் புன்சன் எரிவாயு விளக்குகள் ஆகியவை இருந்தன. விதிகள் சிலவே. தோட்டக் குடிலின் கூரைமேல் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே ஏறலாம் என்பது அவற்றுள் ஒன்று. குழந்தைகள் செய்வதையும் சொல்வதையும் ஆசிரியர்கள் அன்றன்றே எழுதிவைத்தார்கள். பிற்பகுதியில் சுருக்கெழுத்தாளர்களும் இதற்கென அமர்த்தப்பட்டார்கள். பள்ளி என்பது கற்பிக்கும் இடமாக மட்டுமின்றிக் கற்பிப்பவர் குழந்தையைக் கற்கும் இடமாகவும் இவ்வாறு ஆயிற்று.

அந்தப் பதிவுகளின் தரம் எத்தகையது என்பதை, 1930-இல் வெளிவந்த ஐசக்ஸின் நூலில் இடம்பெற்ற முயல் நிகழ்வு நன்கு காட்டுகிறது. பள்ளியில் வளர்த்த முயல் ஒன்று இறந்து கிடக்கக் கண்ட குழந்தைகள், வயிறு ஏறி இறங்கவில்லை என்பதைக் கவனிக்கிறார்கள். தண்ணீரில் இட்டால் அது மீண்டும் பிழைக்கும் என்று தன் தந்தை கூறியதாக ஒரு சிறுவன் சொல்கிறான். ஆசிரியை அதை மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. செய்து பார்க்கலாமா என்று மட்டும் கேட்கிறார். மிதந்தால் இறந்துவிட்டது, மூழ்கினால் உயிரோடிருக்கிறது என்று குழந்தைகளுள் ஒருவன் தானே ஓர் அளவுகோலை வகுக்கிறான். நீரோட்டத்தால் முயலின் உடல் மெல்லச் சுழலவே, அசைகிறது, ஆகவே உயிரோடிருக்கிறது என்கிறான் இன்னொருவன். ஆசிரியை ஒரு சிறு குச்சியைத் தண்ணீரில் இடுகிறார், அதுவும் சுழல்கிறது, குச்சிக்கு உயிரில்லை என்பதைக் குழந்தைகள் ஒப்புக்கொள்கிறார்கள். பின்பு முயலைப் புதைக்கிறார்கள். மறுநாள், அது வானத்துக்குப் போயிருக்குமோ என்று பேச்சு எழுகிறது. தோண்டத் தொடங்கிய குழந்தைகளுள் ஒருவன், அது போய்விட்டது என்று கைவிடும்போது, ஆசிரியை தாமும் சேர்ந்து தோண்டுகிறார். முயல் அங்கேயே இருப்பதை அவர்கள் வியப்போடு பார்க்கிறார்கள்.

இந்தப் பதிவில் ஆய்வாளருக்கு உரிய பாடம் குழந்தைகளின் சொற்களில் மட்டும் இல்லை. குச்சியை இட்டவர் தாமே என்பதையும், தோண்டுவதைத் தொடரச் செய்தவர் தாமே என்பதையும் ஐசக்ஸ் தம்மைப் படர்க்கையில் வைத்து எழுதிவிடுகிறார். ஆசிரியரின் தலையீட்டை மறைத்திருந்தால், நான்கு வயதுக் குழந்தைகள் தாமாகவே ஒப்பீட்டுச் சோதனை நடத்தினார்கள் என்ற பொய்யான முடிவுக்குப் படிப்பவர் வந்திருப்பார். உற்றுநோக்குபவரும் நிகழ்வின் ஒரு பகுதி என்பதை ஒப்புக்கொள்ளும் இந்த நேர்மை, பல பக்க அட்டவணைகளைவிட மதிப்புள்ளது.

குழந்தையிடம் கேள்வி கேட்கும் இடமும் நேரமும் விடையை மாற்றிவிடும் என்பதை அவர் நிலைநாட்டியதும் இதே நுட்பத்தால்தான். ஜெனீவாவில் உளவியலறிஞர் ஜான் பியாஜே, குழந்தையைத் தனியே அமர்த்தி, அதன் விடைக்கேற்ப அடுத்த கேள்வியைத் தொடுக்கும் நேர்காணல் முறையைக் கையாண்டு, பொறிகள் இயங்கும் காரணத்தைச் சிறு குழந்தைகள் உணர்வதில்லை என்று கருதியிருந்தார். 1927-இல் அவர் மால்ட்டிங் ஹவுஸுக்கு வந்திருந்தபோது, தோட்டத்தில் மூன்று சக்கர வண்டியில் அமர்ந்து மிதிகட்டைகளைப் பின்னோக்கிச் சுழற்றிக்கொண்டிருந்த, ஆறு வயதும் நிறையாத சிறுவனிடம், வண்டி முன்னே செல்ல வேண்டுமானால் என்ன நடக்கிறது என்று ஐசக்ஸ் கேட்டார். கால் மிதிகட்டையை அழுத்துவதும், அது பற்சக்கரத்தைத் திருப்புவதும், சங்கிலி சுற்றுவதும், அதனால் சக்கரம் சுழல்வதும் என ஒவ்வொன்றையும் விரலால் சுட்டியபடியே அந்தச் சிறுவன் வரிசையாக விளக்கினான். ஒரே ஒரு சிறுவனின் விடையால் ஒரு கோட்பாடு விழுந்துவிடாது. மேலும் அப்பள்ளியில் பயின்றவர்கள் பெரும்பாலும் கல்வியில் மேம்பட்ட கேம்பிரிட்ஜ் குடும்பங்களின் பிள்ளைகள். ஐசக்ஸ் இந்த வரம்பைத் தம் நூலிலேயே பதிவு செய்துள்ளார். எனினும், பொருள் கைக்கெட்டும் தொலைவில் இருக்கும்போது கேட்கும் கேள்விக்கும், பொருளின்றிக் கேட்கும் கேள்விக்கும் உள்ள வேறுபாட்டை இந்நிகழ்வு விளக்கியது போல வேறெதுவும் விளக்கவில்லை.

1933-இல் வெளியிட்ட இரண்டாவது பெரிய நூலில், குழந்தைகளின் பகைமை, பொறாமை, உடலைப் பற்றிய ஆர்வம் முதலிய, அக்காலத்தார் அச்சிடத் தயங்கிய செய்திகளையும் அவர் விட்டுவிடவில்லை. அந்நூலின் அமைப்பும் கருதத்தக்கது: பதிவுகள் முதலில், விளக்கம் பின்னர். உளப்பகுப்பாய்வு விளக்கத்தை ஏற்காத ஒருவரும் பதிவுகளை மட்டும் எடுத்துத் தம் முடிவுக்கு வர இந்த அமைப்பு இடமளித்தது. பைக்கின் வணிகம் 1927-இல் சரிந்த நிலையில் அவ்வாண்டின் இறுதியில் ஐசக்ஸ் விலகினார். பள்ளி 1929-இல் மூடப்பட்டது. சில ஆண்டுகளே நடந்த ஒரு பள்ளியின் குறிப்பேடுகள் இத்தனை காலம் படிக்கப்படுவதற்குப் பதிவையும் விளக்கத்தையும் பிரித்துவைத்த அந்த அமைப்பே காரணம் எனலாம்.

அதே காலத்தில் அமெரிக்காவில் வேறொரு வழி உருவாயிற்று. சோளத்துக்கும் பன்றிக்கும் அரசு ஆய்வு நிலையம் அமைக்குமானால் குழந்தைக்கும் அமைக்க வேண்டும் என்று கோரா ஹில்லிஸ் பல ஆண்டுகள் வாதாடியதன் பயனாக, 1917-இல் அயோவாவில் குழந்தைநல ஆய்வு நிலையம் அமைந்தது. மினசோட்டாவில் 1925-இல் இன்னொன்று தோன்றியது. இந்நிலையங்களோடு இணைந்த பாலர் பள்ளிகளில் நேரமாதிரி முறை, அதாவது ஒரு குழந்தையைத் தொடர்ந்து பார்க்காமல், வெவ்வேறு நாள்களில் குறுகிய நேரத் துண்டுகளாகப் பார்த்து எண்ணிக்கையிடும் முறை, செம்மை பெற்றது. மில்ட்ரெட் பார்ட்டன் ஒரு முறைக்கு ஒரு நிமிடம் என்ற கணக்கில் பார்த்து, குழந்தை தனியே விளையாடுகிறதா, பிறர் விளையாட்டை வேடிக்கை பார்க்கிறதா, பக்கத்தில் இருந்தும் தனித்தே விளையாடுகிறதா, கூடி விளையாடுகிறதா என்றெல்லாம் வகைப்படுத்தி 1932-இல் வெளியிட்ட ஆய்வு, ஆசிரியப் பயிற்சி நூல்களில் இன்றும் இடம்பெறுகிறது. இருவர் ஒரே நேரத்தில் பார்த்து ஒத்துவருகிறதா என்று சரிபார்க்க இம்முறையில் முடியும் என்பது அதன் பெரும் வலிமை. முயல் நிகழ்வு போன்ற ஒன்று இதன் வலையில் சிக்காது என்பது அதன் குறை.

ஐசக்ஸின் முறை நிறுவன வடிவம் பெற்றது லண்டனில். பல்கலைக்கழகக் கல்வியியல் நிறுவனத்தின் இயக்குநர் பெர்சி நன் எடுத்த முயற்சியால் 1933-இல் அங்குக் குழந்தை வளர்ச்சித் துறை தொடங்கப்பட்டு, அதன் தலைமை ஐசக்ஸுக்கு வந்தது. வகுப்பறை அனுபவம் உள்ள ஆசிரியர்களே அங்கு மாணவர்களாகச் சேர்ந்து, தம் தொழிலையே ஆய்வுப் பொருளாக்கிக் கற்றார்கள். அவரிடம் பயின்று 1943-இல் அவருக்குப்பின் துறைப் பொறுப்பை ஏற்ற டோரதி கார்ட்னர், குழந்தைகள் தாமே தெரிவுசெய்து இயங்கும் பள்ளிகளையும் மரபான பாடமுறைப் பள்ளிகளையும் ஒப்பிட்டு 1942-இல் நூல் வெளியிட்டார். ஆசிரியப் பயிற்சியும் ஆய்வுப் பயிற்சியும் ஒரே கூரையின்கீழ் வந்ததன் முதற் பயன்களில் அந்நூல் ஒன்று.

சென்னைக்கும் இவ்வரலாற்றில் ஓர் இடம் உண்டு. ஆசிரியர் அறிவியலாளரைப் போல உற்றுநோக்க வேண்டும் என்று 1909-ஆம் ஆண்டு நூலிலேயே வலியுறுத்திய மரியா மாண்டிசோரி, 1939-இன் இறுதியில் அடையாற்றில் பிரம்மஞான சபையின் அழைப்பின்பேரில் பயிற்சி வகுப்பைத் தொடங்கினார். போரின் காரணமாக இந்தியாவிலேயே தங்க நேர்ந்ததால் கொடைக்கானலிலும் சில ஆண்டுகள் குழந்தைகளோடு பணியாற்றினார். அவர் கற்பித்த உற்றுநோக்கல், குறுக்கிடாமல் அமைதியாக இருந்து, வகுத்தளித்த கருவிகளோடு குழந்தை எவ்வளவு நேரம் ஒன்றியிருக்கிறது என்பதைக் கவனிப்பது. ஐசக்ஸோ தானே எழும் கேள்வியைத் தேடினார். தென்னிந்திய மழலையர் பள்ளிகளில் மாண்டிசோரியின் கருவிகள் பரவிய அளவுக்கு அவருடைய உற்றுநோக்கும் பழக்கம் பரவவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

ஐசக்ஸ் 1948-இல் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற வழியில் வந்த ஆய்வுகளுள் ஆசிரியர்களை மிகவும் உலுக்கியது, அதே லண்டன் கல்வியியல் நிறுவனத்தைச் சார்ந்த ஆய்வுப் பிரிவில் பார்பரா டிசார்டும் மார்ட்டின் ஹியூஸும் நடத்தி 1984-இல் நூலாக்கியது. நான்கு வயதை எட்டும் நிலையில் இருந்த 30 சிறுமிகளின் உடையில் சிறு வானொலி ஒலிவாங்கியைப் பொருத்தி, பாலர் பள்ளியிலும் வீட்டில் தாயோடும் அச்சிறுமிகள் பேசியதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். சன்னல் துடைப்பவருக்கும் வீட்டாருக்கும் இடையே பணம் எந்தப் பக்கம் போகிறது என்பது விளங்காத ஒரு தொழிலாளர் குடும்பச் சிறுமி, விளங்கும்வரை தாயை விடாமல் கேட்கும் உரையாடல் அப்பதிவுகளில் உள்ளது. பள்ளியில் இந்தச் சிறுமிகள் கேட்டவை குறைவு. ஆசிரியை கேட்டார், அவர்கள் ஓரிரு சொற்களில் விடையளித்தார்கள். அதிலும் தொழிலாளர் குடும்பச் சிறுமிகளே அதிகம் அடங்கிப்போனார்கள். வீட்டில் மொழிவளம் குறைந்த குழந்தைகளுக்குப் பள்ளி ஈடுசெய்கிறது என்று நம்பியிருந்த ஆசிரியர்கள், தம் பேச்சும் குழந்தைகளின் மௌனமும் அடுத்தடுத்து அச்சாகியிருந்த பக்கங்களை எதிர்கொள்ள வேண்டியதாயிற்று.