அமெரிக்க மறுகட்டமைப்புக் காலம் (1865–1877)

அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த 1865 முதல் 1877 வரையிலான ஆண்டுகள் அந்நாட்டு வரலாற்றில் மறுகட்டமைப்புக் காலம் எனப்படுகின்றன. பிரிந்துபோய்த் தோற்ற பதினொரு தென் மாநிலங்களை மீண்டும் எப்படிச் சேர்த்துக்கொள்வது? விடுதலை பெற்ற ஏறத்தாழ 40 லட்சம் கறுப்பின மக்கள் இனி என்ன உரிமையோடு வாழ்வது? இவ்விரு கேள்விகளும் அக்காலத்து அரசியலை ஆட்டிப்படைத்தன. முதல் கேள்வி 1870க்குள் தீர்ந்துவிட்டது. இரண்டாவதற்குச் சட்டத்தில் எழுதிய விடை நடைமுறைக்கு வர ஏறக்குறைய நூறாண்டு பிடித்தது.

போரில் 6 லட்சம் பேருக்கு மேல் மாண்டனர். ரிச்மண்ட், அட்லான்டா, கொலம்பியா ஆகிய நகரங்களில் பெரும்பகுதி எரிந்து கிடந்தது. தெற்கின் பணம் செல்லாக்காசானது. 1865 ஏப்ரல் 9 அன்று தெற்கின் தளபதி லீ சரணடைந்தார். 15ஆம் தேதி, சுடப்பட்ட லிங்கன் உயிர் நீத்தார். அவருக்குப் பின் குடியரசுத் தலைவரான ஆண்ட்ரூ ஜான்சன் டென்னசி மாநிலத்துக்காரர். பெருந்தோட்ட முதலாளிகளை அவருக்குப் பிடிக்காது. கறுப்பினத்தவர் சமமாக வாழ்வது அதைவிடப் பிடிக்காது. கிளர்ச்சியாளர்களுக்கு அவர் தாராளமாக மன்னிப்பு வழங்கினார். மன்னிப்போடு நிலமும் அவர்களிடம் திரும்பிப்போனது.

எல்லாச் சிக்கலுக்கும் வேர் இந்த நிலம்தான். 1865 ஜனவரியில் தளபதி ஷெர்மன் ஓர் ஆணை பிறப்பித்து, தென் கரோலினா முதல் புளோரிடா வரையிலான கடலோர நிலத்தை விடுதலை பெற்ற குடும்பங்களுக்கு 40 ஏக்கர் வரை பிரித்துத் தரச் செய்தார். சுமார் 40,000 பேர் குடியேறிப் பயிர் செய்தனர். அந்த இலையுதிர் காலத்திலேயே ஜான்சன் அதை மாற்றினார். செய்தியைச் சொல்லும் வேலை விடுதலையாளர் நலத்துறைத் தலைவர் ஆலிவர் ஹோவர்டின் தலையில் விழுந்தது. அக்டோபரில் அவர் தென் கரோலினாவின் எடிஸ்டோ தீவுத் தேவாலயத்தில் கூட்டம் கூட்டி, பழைய உடைமையாளர்களோடு ஒத்துப்போங்கள் என்றார். தீவு மக்கள் மூவர் குழு அமைத்து அவருக்குப் பதில் எழுதினர். போரில் நீங்கள் வலக்கையை மட்டும்தான் இழந்தீர்கள், உங்களால் மன்னிக்க முடியலாம். மரத்தில் கட்டி 39 கசையடி கொடுத்தவனை எங்களால் எப்படி மன்னிக்க முடியும் என்பது அதன் சாரம். நிலம் திரும்பக் கிடைக்கவில்லை.

நிலம் இல்லாதவர்கள் வாரத்துக்கு உழுதார்கள். ஏர், கோவேறு கழுதை, விதை எல்லாம் உடைமையாளர் தருவார். விளைச்சலில் பாதி அவருக்குப் போகும். மளிகையும் துணியும் கடையில் பற்று. அறுவடைக்குப் பின் கணக்குப் பார்க்கும்போது கணக்கேடு உடைமையாளர் கையில் இருக்கும். உழவர் பலருக்கு அதைப் படிக்கத் தெரியாது, ஏனெனில் போருக்கு முன் அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பதையே பல தென் மாநிலங்கள் குற்றமாக்கியிருந்தன. அசல் தீராமல் வட்டி ஏற, அதே நிலத்தில் அடுத்த ஆண்டும் கட்டுண்டு கிடக்க வேண்டும்.

1865 இறுதியில் மிசிசிப்பியும் தென் கரோலினாவும் 'கறுப்பர் சட்டங்களை' இயற்றின. வேலைக்கான சான்று காட்டாதவர் நாடோடி எனப் பிடிக்கப்பட்டு, அபராதம் கட்ட முடியாவிட்டால் கூலிக்கு ஏலம் விடப்பட்டார். இதைக் கண்டு வெகுண்ட நாடாளுமன்றக் குடியரசுக் கட்சியினர், 1866இல் ஜான்சனின் வீட்டோவை மீறிக் குடியுரிமைச் சட்டத்தையும், 1867இல் பத்து மாநிலங்களை ஐந்து ராணுவ மண்டலங்களாக்கும் சட்டத்தையும் நிறைவேற்றினர். 1868இல் ஜான்சன்மீது கொண்டுவந்த பதவிநீக்க நடவடிக்கை செனட் சபையில் ஒரே வாக்கில் தோற்றது. அடிமை முறையை ஒழித்த 13ஆம் திருத்தம் (1865), குடியுரிமையையும் சட்டத்தின் சமப் பாதுகாப்பையும் தந்த 14ஆம் திருத்தம் (1868), இனத்தைக் காட்டி வாக்குரிமையை மறுக்கக்கூடாதென்ற 15ஆம் திருத்தம் (1870) ஆகியவை இப்போராட்டத்தின் விளைச்சல்.

1870இல் மிசிசிப்பியின் ஹைரம் ரெவெல்ஸ் செனட் சபையின் முதல் கறுப்பின உறுப்பினரானார். தென் கரோலினாவின் ராபர்ட் ஸ்மால்ஸ் கதை இன்னும் சுவையானது. அடிமையாகக் கப்பலோட்டிய அவர் 1862இல் கேப்டனின் தொப்பியை அணிந்துகொண்டு, எதிரிக் கோட்டைகளின் கண்ணெதிரே கப்பலைச் சார்ல்ஸ்டன் துறைமுகத்திலிருந்து கடத்திக்கொண்டு போனவர். பின்னர் தன்னை அடிமையாக வைத்திருந்தவரின் வீட்டை வரிபாக்கி ஏலத்தில் வாங்கினார். நாடாளுமன்ற உறுப்பினரும் ஆனார். புதிய மாநில அரசுகள் தெற்கில் பொதுப் பள்ளிகளை நிறுவின. அவற்றில் ஊழல் இருந்தது உண்மை. அதே ஆண்டுகளில் நியூயார்க் நகராட்சியை ட்வீட் கும்பல் சுரண்டிக்கொண்டிருந்தது. அதை வைத்து வெள்ளையருக்கு ஆளத் தெரியாது என்று யாரும் எழுதவில்லை.

எதிர்ப்பு ஆயுதத்தோடு வந்தது. டென்னசியின் புலாஸ்கி ஊரில் தொடங்கிய கு கிளக்ஸ் கிளான், வாக்காளர்களையும் ஆசிரியர்களையும் இரவில் தாக்கியது. 1871இல் குடியரசுத் தலைவர் கிராண்ட் தென் கரோலினாவின் ஒன்பது மாவட்டங்களில் ஆட்கொணர்வு உரிமையை நிறுத்திவைத்துப் படையை இறக்கினார், கிளான் ஒடுங்கியது. படை இருந்தால் சட்டம் நிற்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் 1873இன் பொருளாதாரச் சரிவுக்குப் பின் வடக்குக்குத் தெற்கின் வழக்கு சலித்துவிட்டது. அதே ஆண்டு ஏப்ரல் 13 அன்று லூசியானாவின் கோல்ஃபாக்ஸில் கறுப்பினத்தவர் பலர் சரணடைந்த பின்னும் கொல்லப்பட்டனர். 14ஆம் திருத்தம் மாநில அரசுகளைத்தான் கட்டுப்படுத்தும், தனிமனிதரை அல்ல என்று சொல்லி, 1876இல் உச்ச நீதிமன்றம் குற்றவாளிகளின் தண்டனையை ரத்து செய்தது. கொலையாளிகளுக்கு இதைவிட நல்ல செய்தி கிடைத்திருக்க முடியாது.

1876 குடியரசுத் தலைவர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் டில்டனுக்கு 184, குடியரசுக் கட்சியின் ஹேய்ஸுக்கு 165 தேர்வாளர் வாக்குகள். 20 வாக்குகள் தகராறில் நின்றன. பதினைந்து பேர் ஆணையம் 8க்கு 7 என்ற கணக்கில் அத்தனையையும் ஹேய்ஸுக்கே கொடுத்தது. 1877 ஏப்ரலில் தென் கரோலினா, லூசியானா சட்டமன்றக் கட்டடங்களைக் காத்து நின்ற படைகளை அவர் விலக்கிக்கொண்டார். கடைசிக் குடியரசுக் கட்சி மாநில அரசுகள் கவிழ்ந்தன.

பின்னர் வாக்குரிமை வரியும் எழுத்தறிவுத் தேர்வும் புகுந்தன. லூசியானாவில் 1896இல் 1.30 லட்சமாக இருந்த கறுப்பின வாக்காளர் எண்ணிக்கை 1904இல் 1,342 ஆனது. மறுகட்டமைப்பைக் கறுப்பினத்தவரின் தகுதியின்மைக்குச் சான்றாகக் காட்டிய நூல்களே நெடுங்காலம் கோலோச்சின, 1935இல் டபிள்யூ. இ. பி. டூ போய்ஸ் எழுதிய மறுப்பு உடனே எடுபடவில்லை. வாக்குரிமைச் சட்டம் 1965இல்தான் வந்தது. தெற்கின் இரண்டாவது கறுப்பின செனட்டரான பிளான்ச் புரூஸின் பதவிக்காலம் 1881இல் முடிந்தது. அப்பகுதியிலிருந்து அடுத்தவர் செனட்டுக்குச் சென்ற ஆண்டு 2013.