கணக்குப் பாடத்தில் மொழி

கணக்குக்கு மொழி தேவையில்லை, எண்கள் எல்லா நாட்டிலும் ஒன்றுதானே என்று புலம்பெயர்ந்த பெற்றோர் பலரும் ஆறுதல் கொள்வதுண்டு. இது பாதி உண்மைதான். 1974-இல் நைரோபியில் நடந்த யுனெஸ்கோ கருத்தரங்கில் மொழியியல் அறிஞர் மைக்கேல் ஹாலிடே, கணிதத்துக்கென்று தனி மொழிவழக்கு உண்டு என்று விளக்கினார். தமிழிலேயே பாருங்கள்: ‘வர்க்கம்’, ‘சார்பு’, ‘கணம்’ எல்லாம் தெருவில் ஒரு பொருள், வகுப்பில் வேறு பொருள்.

சொற்களைவிட வாக்கிய அமைப்புதான் அதிகம் இடறுகிறது. ‘பேராசிரியர்களைப் போல் ஆறு மடங்கு மாணவர்கள் உள்ளனர்’ என்பதைச் சமன்பாடாக எழுதச் சொன்னபோது, முதலாண்டுப் பொறியியல் மாணவர்கள் 150 பேரில் 37 சதவீதம் பேர் தவறினர் என்று ஜான் கிளெமென்ட்டும் சகாக்களும் 1981-இல் எழுதினார்கள். ஆங்கில வாக்கியத்தில் ஆறு, மாணவர், பேராசிரியர் என்ற வரிசை வருகிறது. அப்படியே எழுதினால் 6மா = பே என்று தலைகீழாகிவிடும். தமிழ் வரிசையில் பேராசிரியர் முன்னால் வருவதால், வந்தபடியே எழுதினாலும் பே × 6 = மா என்று சரியாகவே அமையும்! தமிழ்ப் பிள்ளைகள் இதில் குறைவாகத் தவறுவார்களா என்று யாராவது சோதித்துப் பார்க்கலாம்.

அமெரிக்காவில் ஆங்கிலம் வராத பிள்ளையைக் கணக்கு வராத பிள்ளையாக எடைபோட்டுவிடும் ஆபத்து மெய்யானது. ஜமால் அபேதியும் கரோல் லார்டும் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், எட்டாம் வகுப்புக் கேள்விகளின் கணக்கைத் தொடாமல் வாக்கியத்தை மட்டும் எளிமையாக்கினார்கள். ஆங்கிலம் கற்றுக்கொண்டிருந்த மாணவர்களின் மதிப்பெண் உயர்ந்தது. உயர்வு சிறிதுதான், ஆனால் காரணம் கணக்கல்ல.

இதனால் கணக்கு வகுப்பிலேயே மொழியையும் கற்பிக்கும் முறைகள் பரவின. இவற்றில் எனக்கு உடன்பாடில்லாதது, ‘அதிகம் என்று வந்தால் கூட்டு’ என்கிற குறிச்சொல் பயிற்சி. ‘கண்ணனிடம் 8 பழங்கள் உள்ளன. இது மாலாவிடம் இருப்பதைவிட 3 அதிகம்’ என்று கொடுத்தால், குறிச்சொல் படித்த பிள்ளை மாலாவுக்கு 11 என்கும். விடை 5. இதற்கு நேர்மாறானது மூன்று முறை வாசித்தல். முதலில் என்ன நடக்கிறது என்று கதையாக, அடுத்து எவை அளவுகள் என்று, கடைசியில் என்ன கேட்கலாம் என்று வாசிக்க வேண்டும். விடைக்கு அவசரமில்லை. (மென்பொருள் எழுதும் எங்களுக்கும் இந்தப் பயிற்சி தேவை; பல பிழைகள் நிரலில் அல்ல, தேவைக் குறிப்பை வாசித்த விதத்தில்தான் பிறக்கின்றன.)

பின்னங்களில் தமிழ் பெரிதும் கைகொடுக்கும். ஆங்கிலத்தில் ‘த்ரீ ஃபோர்த்ஸ்’ என்றால் முழுமையும் பாகமும் தெரிவதில்லை. கொரிய மொழியில் ‘நான்கு பாகத்தில் மூன்று’ என்பார்கள். 2003-இல் பைக், மிக்ஸ் இருவரும் அமெரிக்கக் குழந்தைகளிடம் இதேபோன்ற சொற்றொடரை ஆங்கிலத்தில் பயன்படுத்தியபோது, அவர்களும் பின்னப் படங்களை மேலும் சரியாக அடையாளம் கண்டார்கள். நாம் வீட்டில் ‘நாலில் மூணு’ என்று சொல்வதும் அதே அமைப்புதான். பிள்ளை பள்ளியில் ஆங்கிலத்தில் பின்னம் படிக்கும்போது, வீட்டில் இட்லியைப் பிட்டுக்கொண்டே இதைச் சொல்லிப் பார்க்கலாம்.