இரட்டை இயங்குதள நிறுவல்

ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்களைத் தனித்தனிப் பகுதிகளில் நிறுவி, கணினியை இயக்கும்போது வேண்டியதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் முறை. ‘டூயல் பூட்’ என்பதே பேச்சு வழக்கு. விண்டோஸுடன் உபுண்டு போன்ற லினக்ஸ் வகையொன்றைச் சேர்ப்பது பரவலானது. மெய்நிகர் கணினியைப் போல் இரண்டும் ஒருசேர ஓடுவதில்லை. ஒரு நேரத்தில் ஒன்றுதான்.

நிறுவலுக்குப் பென் டிரைவ் போதும். ஆனால் இயங்குதளத்தின் ஐஎஸ்ஓ கோப்பை அதில் சும்மா நகலெடுத்தால் கணினி அதிலிருந்து துவங்காது. ரூஃபஸ், எட்சர் போன்ற மென்பொருளால் எழுத வேண்டும். அப்போது அதில் முன்பிருந்தவை அழிந்துவிடும். வென்டாய் மென்பொருளில் மட்டும் ஒவ்வொரு முறையும் இப்படி எழுத வேண்டியதில்லை: ஒருமுறை அதை நிறுவிவிட்டால், பிறகு ஐஎஸ்ஓ கோப்புகளை அப்படியே போட்டுவைக்கலாம்.

பென் டிரைவ் தயாரிப்பது எளிய பகுதி. சிக்கலெல்லாம் வன்வட்டைப் பங்கு போடுவதில்தான். விண்டோஸை முதலில் நிறுவுவது வழக்கம். லினக்ஸின் க்ரப் துவக்கி விண்டோஸையும் தன் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும். பின்னால் வரும் விண்டோஸோ லினக்ஸைக் கண்டுகொள்வதே இல்லை, துவக்கத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ளும்.

விண்டோஸுக்குள்ளிருந்தே அதன் பகுதியைச் சுருக்கி இடம் ஒதுக்குவது பாதுகாப்பானது. பிட்லாக்கர் பூட்டு இருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியை முன்கூட்டியே குறித்துவைக்க வேண்டும். விண்டோஸ் 8 முதல் வந்த ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ வசதியையும் அணைப்பது நல்லது. அது இருக்கும்வரை கணினியை நிறுத்தினாலும் விண்டோஸ் முழுதாக நிற்பதில்லை. தன் கருவகத்தின் (கெர்னல்) நிலையை வட்டில் சேமித்துவிட்டு அரைத்தூக்கத்தில் கிடக்கும். அந்நேரம் லினக்ஸிலிருந்து அப்பகுதியில் எழுதினால் கோப்புகள் சிதையக்கூடும்.

நிறுவி முடித்தவர்களை முதலில் குழப்புவது கடிகாரம். தாய்ப்பலகைக் கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் கொள்கின்றன. ஆகவே லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குத் திரும்பும் இந்தியப் பயனருக்கு நேரம் ஐந்தரை மணி பின்தங்கித் தெரியும். பழுதென்று பேட்டரியை மாற்றிப் பயனில்லை. லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்ற ஒரு கட்டளை போதும்.

லினக்ஸை நீக்க விரும்புவோர், கணினியின் யூஈஎஃப்ஐ துவக்க அமைப்பில் விண்டோஸ் துவக்கியை முதலிடத்துக்குக் கொண்டுவந்த பின்னரே லினக்ஸின் பகுதியை அழிக்க வேண்டும். இல்லையேல் மறுமுறை இயக்கும்போது க்ரப்பின் கறுப்புத் திரைதான் நிற்கும்.