உலகளாவிய செயற்பாட்டுத் தலைவர்கள் திட்டம்

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் (எம்.ஐ.டி.) பொறியியல் பள்ளியும் ஸ்லோன் மேலாண்மைப் பள்ளியும் இணைந்து நடத்தும் இரட்டை முதுநிலைப் படிப்பு இது; ஆங்கிலப் பெயரின் சுருக்கமாக எல்.ஜி.ஓ. எனப்படுகிறது. பொறியியல் துறையொன்றில் எம்.எஸ். பட்டமும் எம்.பி.ஏ. பட்டமும் 24 மாதங்களில் பெறப்படுகின்றன. சேர்க்கை ஜூனில்.

1980களில் ஜப்பானியப் போட்டியால் அமெரிக்க உற்பத்தித் தொழில் தளர்ந்தது. வடிவமைப்பவருக்குச் செலவுக் கணக்கும், நிர்வாகிக்கு இயந்திரமும் புரியாத பிளவு அதற்கு ஒரு காரணமாகக் கருதப்பட்டது. அப்பின்னணியில் 1988இல் ‘உற்பத்தித் தலைவர்கள் திட்டம்’ தொடங்கியது. வழங்கல் தொடர், மருத்துவமனைச் செயற்பாடு போன்றவையும் இடம்பெற்றபின், 2009இல் இன்றைய பெயர் வந்தது.

ஆறு மாதக் களப்பயிற்சியே இதன் முதுகெலும்பு. கூட்டாளி நிறுவனத்தின் ஆலையிலோ கிடங்கிலோ உண்மையான சிக்கல் ஒன்றை மாணவர் கையாள்கிறார்: உற்பத்தி வரிசையில் பாகங்கள் தேங்கும் இடத்தைக் கண்டறிவது, இருப்பு அளவைக் கணிப்பது போன்றவை. அதுவே ஆய்வேடாகிறது; பொறியியல், மேலாண்மை ஆகிய இருதரப்புப் பேராசிரியர்களும் வழிகாட்டுவர். இரு பட்டங்களுக்கும் ஆய்வேடு ஒன்றே.

இத்திட்டத்தில் 1993இல் பட்டம் பெற்ற வேதிப் பொறியாளர் ஜெஃப் வில்கி, 1999இல் அமேசானில் சேர்ந்து, அதன் கிடங்குகளைத் தொழிற்சாலை முறையில் சீரமைத்தார்.