காயடிப்பும் கு.க. ஆபரேஷனும்

1974-ஆம் வருஷம். அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகாதார ஆய்வாளராகச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. கன்னடியன் கால்வாய்க் கரையில் வண்டியை அவிழ்த்துப் போட்டுவிட்டு மாடுகளுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்த ஒருவரிடம் போய் நின்றேன். நாலு பிள்ளைக்காரர். எங்கள் 'தகுதியுள்ள தம்பதியர்' பதிவேட்டில் சிவப்பு மையில் சுழித்திருந்த பெயர். ஆபரேஷன் விஷயத்தைச் சுற்றி வளைத்துச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. மாடுகளைக் கை காட்டினார்.

"சார்வாள், இந்தா நிக்கே ரெண்டு, இதுகளை மாட்டாஸ்பத்திரிக்குப் பத்திட்டுப் போயி காயடிச்சுக் கொண்டாந்தது நாந்தான். முன்னாடி கிட்ட போவ முடியுமா? இப்ப எப்படி அடங்கிக் கிடக்குன்னு நீங்களே பாருங்க. அதே சோலிய எனக்கும் பண்ணணும்ங்கியளா?"

படித்துறையில் துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு அப்போது 23 வயது. பதில் தெரியவில்லை. பயிற்சியில் படிவம் நிரப்பச் சொல்லிக்கொடுத்தார்களே தவிர, இந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லிக்கொடுக்கவில்லை.

இப்போது யோசித்தால், அவர் கேட்டது அறியாமையால் கேட்ட கேள்வி இல்லை என்றே தோன்றுகிறது. தாமிரபரணிப் பாசனத்தில் காரும் பிசானமுமாக இரண்டு போகம் உழுதவர்களுக்கு மாட்டைப் பற்றித் தெரியாதது எதுவும் இல்லை. காயடித்த காளைதான் ஏருக்கும் வண்டிக்கும் அடங்கும். பழைய காலத்தில் இரண்டு கட்டைகளுக்கு நடுவே வைத்து நசுக்குவார்கள். பிறகு மாட்டாஸ்பத்திரிகளில் பர்டிசோ என்ற பெரிய இடுக்கி வந்தது. இத்தாலிக்காரர் ஒருவர் பெயரால் வந்த கருவி. தோலைக் கிழிக்காமல், விதைக்குப் போகும் தண்டை மட்டும் மேலேயே நசுக்கிவிடும். அந்தத் தண்டுக்குள்தான் இரத்தக் குழாய்கள் இருக்கின்றன. இரத்தம் நின்றதும் விதை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிப் போகும். அதோடு காளையின் முரட்டுத்தனமும் போய்விடும். இதைச் சின்ன வயதிலிருந்து கண்ணால் பார்த்தவனிடம் போய் 'அந்த இடத்தில் சின்ன ஆபரேஷன்' என்று சொன்னால் அவன் வேறு என்ன நினைப்பான்?

வித்தியாசம் இதுதான். ஆணுக்குச் செய்யும் வாசக்டமியில் விதையைத் தொடுவதே இல்லை, இரத்தக் குழாயையும் தொடுவதில்லை. அதே தண்டுக்குள் பென்சிலுக்குள் இருக்கும் ஈயக்குச்சி கனத்தில் ஒரு குழாய் போகிறது. உயிரணுக்களைச் சுமந்து போகும் விந்துக்குழாய் அது. இரண்டு பக்கமும் அதை மட்டும் எடுத்து வெட்டிக் கட்டிவிடுவார்கள். விதை முன்போலவே இருக்கும். ஆண்மைக்குரிய சுரப்பு குழாய் வழியாகப் போவதில்லை, நேரே இரத்தத்தில் கலக்கிறது. அதனால் மீசையும் குரலும் ஆசையும் உடம்பின் பலமும் அப்படியே இருக்கும். வெளிவரும் திரவம்கூடக் குறைந்ததாகத் தெரியாது, ஏனென்றால் அதில் விதையிலிருந்து வருவது 100-க்கு 5 பங்குகூட இல்லை. மற்றதெல்லாம் உள்ளே இருக்கும் வேறு சுரப்பிகளிலிருந்து வருகிறது.

நாங்களே செய்த ஒரு தப்பையும் சொல்ல வேண்டும். குழாய் என்று சொல்லாமல் 'ஒரு சின்ன நரம்பை வெட்டுவாங்க, அவ்வளவுதான்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். நம்ம பக்கத்தில் இரத்தக் குழாயும் நரம்புதான், தசைநாரும் நரம்புதான், மூளையிலிருந்து வருவதும் நரம்புதான். பஸ் ஸ்டாண்டுச் சுவரெல்லாம் 'நரம்புத் தளர்ச்சியா? ஆண்மைக் குறைவா?' என்று லாட்ஜ் வைத்தியர்கள் எழுதி வைத்திருந்த காலம் அது. நரம்பு தளர்ந்தாலே இந்தக் கதி என்றால், வெட்டினால்? நாங்கள் ஒரு வார்த்தையைப் பார்த்துப் பேசியிருந்தால் பாதிப் பயம் குறைந்திருக்கும்.

சுரப்பு இரத்தத்தில் கலக்கிறது என்பது எப்படித் தெரியவந்தது என்பதைப் பிற்பாடு ஒரு புத்தகத்தில் படித்தேன். 1849-ல் ஜெர்மனியில் கோட்டிங்கன் நகரில் பெர்த்தோல்ட் என்ற பேராசிரியர் ஆறு சேவல் குஞ்சுகளை வைத்து அதைக் கண்டுபிடித்தார். விதையை எடுத்துவிட்ட சேவல்களுக்குக் கொண்டை சிறுத்துப்போனது, கூவவில்லை, சண்டைக்கும் போகவில்லை. வேறு சில சேவல்களுக்கு விதையை எடுத்து வயிற்றுக்குள்ளேயே வேறோர் இடத்தில் வைத்தார். அவை சாதாரணச் சேவல்களாகவே வளர்ந்தன. கூவின, பெட்டையைத் துரத்தின. வெட்டிப் பார்த்தால் பழைய குழாயும் இல்லை, பழைய நரம்பும் இல்லை. புது இரத்தக் குழாய்கள் மட்டும் விதையைச் சுற்றிப் பிடித்திருந்தன. அப்படியானால் ஆண்மை இரத்தத்தில்தான் போகிறது! இந்தச் சேவல் கதை மட்டும் 1974-ல் எனக்குத் தெரிந்திருந்தால், கால்வாய்க் கரையில் அந்த அண்ணாச்சியிடம் தலை குனிந்திருக்க மாட்டேன். மாட்டைக் காட்டியவருக்குச் சேவலைக் காட்டியிருப்பேன்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. நம்ம ஊரில் ஆண்மை போய்விடும் என்று பயந்த அதே ஆபரேஷனை, ஆண்மை கூடும் என்று நம்பி ஐரோப்பாவில் கிழவர்கள் பணம் கொடுத்துச் செய்துகொண்டார்கள். வியன்னாவில் ஸ்டைனாக் என்ற பேராசிரியர், விந்துக்குழாயைக் கட்டிவிட்டால் உயிரணு உண்டாகும் பகுதி சுருங்கி, சுரப்பு உண்டாகும் பகுதி பெருத்து, இளமை திரும்பும் என்று சொன்னார். 1918-ல் முதல் மனிதருக்குச் செய்தார்கள். 1923-ல் மனோதத்துவ மேதை பிராய்டு செய்துகொண்டார். அப்போது அவருக்கு வாயில் புற்றுநோய். 1934-ல் ஐரிஷ் கவிஞர் யேட்ஸ் தம் 69-வது வயதில் லண்டனில் செய்துகொண்டு, புது வாலிபம் வந்தது போல் எழுதிக் குவித்தார். எல்லாம் மனசு செய்த வேலை. 1935 வாக்கில் அந்தச் சுரப்பையே பிரித்தெடுத்து டெஸ்டோஸ்டிரோன் என்று பேர் வைத்ததும் இந்த மோகம் அடங்கிவிட்டது. வியன்னாவில் சொன்னதும் தப்பு, கல்லிடைக்குறிச்சியில் சொன்னதும் தப்பு. அந்தக் குழாயை வெட்டுவதால் ஆண்மை கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது.

ஆனால் பயத்துக்கு வேறொரு நியாயமும் இருந்தது. அமெரிக்காவில் இண்டியானா சிறை ஒன்றில் 1899 முதல் கைதிகளுக்கு இதைச் செய்தார்கள். 1907-ல் அதற்குச் சட்டமே வந்தது. கட்டாயம் என்பது இந்த ஆபரேஷனின் பிறவிக் குணம் போல ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறது. நம்ம பக்கம் சர்க்கார் ஆரம்பத்தில் பணத்தைக் காட்டியது. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஆர்.ஏ. கோபாலஸ்வாமி பிறகு சென்னை மாகாணத்தின் தலைமைச் செயலாளரானார். 1956-லேயே ஆபரேஷன் செய்துகொள்ளும் ஏழைகளுக்கு 30 ரூபாய் என்று இங்கே அறிவித்தார்கள். ஆள் கூட்டி வருகிறவருக்கும் பணம் உண்டு. ஆரியங்காவுக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், 1971 ஜூலையில் எர்ணாகுளத்தில் கலெக்டர் கிருஷ்ணகுமார் திருவிழா மாதிரி முகாம் போட்டு 63,000 பேருக்கு மேல் செய்துகாட்டினார். அதற்குப் பிறகு எங்கு பார்த்தாலும் முகாம்தான், டார்கெட்தான். 'கேஸ் எத்தனை பிடிச்சீங்க?' என்பதுதான் எங்களைப் பார்த்து மேலதிகாரிகள் கேட்கும் முதல் கேள்வி.

1976-ஐப் பற்றி அதிகம் எழுத மனம் வரவில்லை. நெருக்கடி நிலை. ஜனவரி 31-ல் தி.மு.க. ஆட்சியைக் கலைத்து கவர்னர் ஆட்சி வந்திருந்தது. நாடு முழுக்க அந்த ஒரு வருஷத்தில் 82 லட்சம் பேருக்கு மேல் கு.க. ஆபரேஷன் நடந்தது, முக்கால்வாசி ஆண்கள். வடநாட்டில் நடந்த அளவுக்குக் கொடுமை இங்கே இல்லை என்பது உண்மை. இருந்தாலும் ஜீப் சத்தம் கேட்டால் ஆம்பிளைகள் வாழைத் தோட்டத்துக்குள் போய்விடுவதை நானே பார்த்தேன். அடுத்த வருஷம் எண்ணிக்கை 10 லட்சத்துக்கும் கீழே விழுந்தது. குடும்பக் கட்டுப்பாடு என்ற பேரையே குடும்ப நலம் என்று மாற்றினார்கள்.

அந்தக் காலத்தில் நடந்த ஒன்றை இதுவரை எழுதியதில்லை. சம்பந்தப்பட்டவர்கள் யாரும் இன்று இல்லை.

நெசவு வேலை பார்த்த ஒருவர், மூன்று பிள்ளைகள், முகாமுக்கு நான் கூட்டிப் போனவர். ஐந்து மாதம் கழித்து அவர் மனைவி மாதவிடாய் நின்று மூன்று மாதம் என்று சொன்னாள். அவர் ஒரு வார்த்தை பேசவில்லையாம். துணிமணியை எடுத்துக்கொண்டு தம் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். அந்தப் பெண்ணின் அப்பா என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். "தம்பி, எம் மவ அப்படிப்பட்டவ இல்ல. நீங்கதான வெட்டச் சொன்னீய? நீங்களே வந்து சொல்லுங்க."

விஷயம் எனக்கு அந்த நிமிஷமே புரிந்தது. குழாயை வெட்டிய அன்றே பலன் வந்துவிடாது. வெட்டிய இடத்துக்கு அப்புறம் ஏற்கெனவே போய்ச் சேர்ந்த உயிரணுக்கள் அங்கே இருக்கும். அவை முழுக்கக் கழிய மூன்று மாதம் ஆகும். அதுவரை நிரோத் உபயோகிக்க வேண்டும், பிறகு சோதனை செய்து உயிரணு இல்லை என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நோட்டீஸில் அச்சடித்தே இருந்தது. நானும் நோட்டீஸையும் நிரோத் பாக்கெட்டையும் சேர்த்து அவர் சட்டைப் பையில் திணித்தேன். ஆனால் எதற்கென்று வாய்விட்டுச் சொல்லவில்லை. கூட்டம், பக்கத்தில் நர்ஸம்மா, எனக்குக் கல்யாணமாகாத வயசு, கூச்சம். அவருக்கோ எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வரும்.

அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். சோதனையில் உயிரணு ஒன்றும் இல்லை என்று வந்தது. அதுதான் வினையாகிவிட்டது. "பாத்தீயளா? ஆபரேசன் சரியாத்தான இருக்கு. அப்ப இது யாருது?" என்று அவர் கேட்டபோது எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. வயதான டாக்டர் ஒருவர் காலண்டரைக் கழற்றி மேஜையில் போட்டார். முகாம் நடந்த தேதி, அவள் கடைசியாகக் குளித்த தேதி, கரு தங்கியிருக்கக்கூடிய வாரம் என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டினார். ஆபரேஷன் முடிந்து ஏழாவது வாரம். "அன்னிக்கு உமக்குள்ள மிச்சம் இருந்ததுய்யா. இன்னிக்கு இல்ல, அவ்வளவுதான்" என்றார். அவர் அந்தக் காலண்டரையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்குத் திரும்பிவிட்டார். பெண் குழந்தை பிறந்தது. வளர்ந்தபோது அச்சு அசல் அப்பா முகம். அதைப் பார்க்கும்போதெல்லாம் நிம்மதியாக மூச்சு விட்ட ஆள் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு யாருக்கும் அந்த மூன்று மாதக் கணக்கைச் சொல்லாமல் நான் விட்டதில்லை. பெண்கள் முன்னாலும் சத்தமாகவே சொல்வேன். சோதனையில் சரியாகிவிட்ட பிறகு குழாய் தானாக மறுபடி சேர்ந்து குழந்தை உண்டாவது 2,000 பேரில் ஒருவருக்கு நடந்தால் அதிகம்.

எண்பதுகளில் எங்கள் வேலை சுலபமாகிவிட்டது. ஆண்களைக் கேட்பதையே விட்டுவிட்டோம். 'அவரு மூட்ட தூக்கணும், உழணும், வயக்காட்டு வேல. நான் உக்காந்து பீடிதான சுத்துதேன்' என்று முக்கூடல், கடையம் பக்கத்துப் பெண்கள் அவர்களாகவே வந்தார்கள். உண்மையில் ஆணுக்குத்தான் சின்ன வேலை. மரத்துப்போக ஓர் ஊசி, கால்மணி நேரம், இரண்டு நாள் ஓய்வு, ஒரு வாரம் கனம் தூக்காமல் இருந்தால் போதும். கூடவே இறுக்கமாக லங்கோடு கட்டச் சொல்வோம். கோவணம் கட்டிப் பழகிய பெரிசுகளுக்கு அதுகூடப் புதிதில்லை. 1974-ல் சீனாவில் லீ ஷுன்சியாங் என்ற டாக்டர் கத்தியே இல்லாமல், ஒரு சின்னத் துளை வழியாகச் செய்யும் முறையைக் கொண்டுவந்தார். இன்று நம்ம அரசு ஆஸ்பத்திரிகளிலும் அதுதான், தையல்கூடக் கிடையாது. பெண்ணுக்கு வயிற்றைத் திறந்தாக வேண்டும். ஆனாலும் 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வைப் பாருங்கள். தமிழ்நாட்டில் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்ட பெண்கள் பாதிக்கும் மேல். ஆண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.

கால்வாய்க் கரை அண்ணாச்சிக்கு ஐந்தாவதும் பிறந்தது. அதற்கப்புறம் அவர் மனைவிதான் ஆபரேஷன் செய்துகொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வர நானும் போயிருந்தேன். வண்டியில் வைக்கோலை உதறிப் பரப்பி, அதன்மேல் ஜமுக்காளம் விரித்து, அந்த அம்மாவைப் படுக்க வைத்தார். குழந்தையை நான் வைத்திருந்தேன். மேடு பள்ளம் வரும் இடத்தில் எல்லாம் அவர் இறங்கி, மாடுகளின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்தார். ஊர் வரும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை.