அடுக்களைப் பிசுக்கும் அடுப்புச் சாம்பலும்

கன்னிப்பூ, கும்பப்பூ என இருபோகம் நெல் விளைந்த நாஞ்சில் நாட்டிலே, பழையாற்றங்கரையில் பூதலிங்கசுவாமி கோயிலைச் சூழ்ந்தமைந்த பூதப்பாண்டியில், பொதுவுடைமைத் தலைவர் ப. ஜீவானந்தம் பிறந்த 1907-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்து அடுக்களையொன்றை மனக்கண்முன் நிறுத்துவோமாயின், இன்று அலமாரிகள் நிற்கும் இடத்தில் உறியும் சுவர்ப்பலகையும் மரத்தாலான அஞ்சறைப்பெட்டியுமே தென்படும். விறகுப்புகையும் தேங்காயெண்ணெயின் ஆவியும் கலந்து அவற்றின்மேல் படிந்த கரும்பிசுக்கைப் போக்கும் சாதனம் அந்த அடுப்பிலேயே கிடந்தது.

தை பிறக்குமுன் வீட்டுக்கு வெள்ளையடிக்கும் நாட்களில், சிரட்டையும் கதம்பையும் விறகும் எரிந்த சாம்பலைச் சலித்தெடுத்து, நனைத்த தேங்காய்த்தும்பை அதில் தோய்த்து, மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே பலகையைத் தேய்த்து வெந்நீரால் அலசுவார்கள். தேய்க்கத் தேய்க்க விரலில் ஒரு வழுவழுப்புத் தட்டும். சாம்பலிலுள்ள பொட்டாசியம் கார்பனேட் என்னும் காரம், பழகிப்போன எண்ணெயின் அமிலங்களோடு கூடிச் சிறிதளவு சவுக்காரமாகவே மாறுவதன் அடையாளம் அது. புளியின் பிரயோகம் வேறு: பித்தளை, செம்புப் பாத்திரங்களின் களிம்பைக் கரைக்குமேயன்றி எண்ணெயை அது அசைக்காது. ரசாயன சாஸ்திரம் படியாத பெண்கள் இந்தப் பேதத்தைக் கைப்பழக்கத்தாலேயே அறிந்திருந்தார்கள். எலுமிச்சைச் சாற்றையும் சோடா உப்பையும் ஒரே கிண்ணத்திலிட்டு, பொங்கும் நுரையைக் கண்டு பூரிக்கிற இக்காலத்தவர்தாம், அமிலமும் காரமும் ஒன்றின் வலிமையை மற்றொன்று போக்கிவிடுவதைக் கவனிப்பதில்லை!

1904-இல் இங்கிலாந்தின் லீவர் சகோதரர்கள் 'விம்' பொடியைப் புறப்படச் செய்தார்கள். 1917-இல் தோன்றிய டாட்டா எண்ணெய் ஆலை, கொச்சியில் தேங்காயெண்ணெய் ஆட்டி, பிற்பாடு '501' சவுக்காரத்துக்கும் பெயர்பெற்றது. எனினும் சாம்பலை அடுக்களையிலிருந்து வெளியேற்றியவை இவையல்ல என்பதே என் அபிப்பிராயம். எரிபொருளும் எண்ணெயும் மாறியதே மூலகாரணம். எரிவாயு அடுப்பு சாம்பல் தருவதில்லை. தேங்காயெண்ணெயின் கொழுப்பில் பெரும்பகுதி நிறைவுற்றதாகையால், அது பிராணவாயுவை எளிதில் ஏற்பதில்லை. சுமார் 24 டிகிரி உஷ்ணத்திலேயே உருகும் ஸ்வபாவமுடையதாகையால் வெந்நீர் பட்டதும் இளகிவிடும். பின்னாளில் புகுந்த சூரியகாந்தி எண்ணெயோ, அடுப்பின் அனலிலும் காற்றிலும் நாள்பட நாள்பட இறுகி, அலமாரிக் கதவின்மேல் வார்னிஷ் பூசினாற்போலப் பிடித்துக்கொள்கிறது.

அக்கதவுக்கோ சாம்பலும் ஆகாது, தும்பும் ஆகாது. பளபளக்கும் மேற்பூச்சு கீறிப்போகும். வெந்நீரில் சமையல் சோடாவைக் கரைத்து, மெல்லிய துணியை நனைத்துப் பிழிந்து, பிசுக்கின்மேல் சற்றுநேரம் போர்த்திவைத்த பின்னரே துடைக்கவேண்டும். விளிம்பில் ஈரம் தங்கினால் ஒட்டுப்பலகை ஊதிவிடுமாகையால், உடனே உலர்ந்த துணியால் ஒற்றியெடுப்பதும் அவசியம்.