பெட்டியைத் திறக்கும் முன் பணம்: காணாமல் வாங்கிய ஆடம்பரப் பொருள்களின் வரலாறு

கைக்கடிகாரம், தோல் கைப்பை, மோதிரம், குளிர்க்கண்ணாடி முதலிய ஆடம்பர அணிபொருள்களை இணையத்தில் வாங்கி, படத்தில் கண்டதும் பெட்டியில் வந்ததும் வேறுவேறாக இருக்கக் கண்டு மனம் கசந்தவர்கள் இன்று ஏராளம். இக்கசப்பை இணையத்தோடு பிறந்த புதுக்குறையாகக் கருதுவது வழக்கமாகிவிட்டாலும், பொருளைக் கண்ணால் காணாமல் வாங்கும் வணிகம் தோன்றிய நாளிலிருந்தே அது உடன் வந்துள்ளது. கடைக்குச் செல்பவர் நகையை உரைகல்லில் உரைத்துக் காட்டச் சொல்லலாம், கடிகாரத்தைக் காதருகே வைத்துக் கேட்கலாம், பையின் தையலை விரலால் தடவிப் பார்க்கலாம், மனம் ஒப்பவில்லையெனில் பணத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு வெளியேறலாம். தொலைவணிகத்திலோ இவையனைத்தும் ஒரே கேள்வியாகச் சுருங்கிவிடுகின்றன: பெட்டி திறக்கப்படும்போது பணம் யார் கையில் இருக்கிறது?

அஞ்சல் வழியே பெருவாரியாக விற்கப்பட்ட முதல் ஆடம்பரப் பொருள்களுள் ஒன்று சட்டைப்பைக் கடிகாரம். அது சிறியது, விலை மிக்கது, தொலைதூரப் பயணத்தைத் தாங்குவது. அமெரிக்க இருப்புப்பாதைகள் 1883 நவம்பர் 18 முதல் பொது நேரத்தைக் கடைப்பிடிக்கத் தொடங்கியபின் ஊர்தோறும் அதற்குத் தேவையும் பெருகியது. மின்னசோட்டா மாநிலத்தின் நார்த் ரெட்வுட் ரயில் நிலைய முகவராக இருந்த ரிச்சர்ட் சியர்ஸ், உள்ளூர் நகைக்கடைக்காரர் ஏற்க மறுத்த கடிகாரச் சரக்கொன்றை 1886இல் தாமே எடுத்து, பாதையோரம் இருந்த பிற நிலைய முகவர்களுக்கு விற்று, ஆறு மாதங்களில் ஏறத்தாழ 5,000 டாலர் ஈட்டினார் என்பது பலரும் அறிந்த செய்தி. அவ்வளவாகப் பேசப்படாதது அச்சரக்கின் பின்னணி. கேட்காத பொருளைக் கடைக்காரர் பெயருக்கு அனுப்பிவைத்து, அவர் மறுத்ததும் விலையைக் குறைத்து ஆசைகாட்டுவது அக்கால மொத்த வணிகர்களின் வாடிக்கையான தந்திரம். பின்னாளில் உலகின் மிகப் பெரிய தபால் வணிக நிறுவனங்களுள் ஒன்றாக வளர்ந்த சியர்ஸ் ரோபக்கின் வேர் அத்தகைய தந்திரம் விட்டுச்சென்ற சரக்கில் இருந்தது.

சியர்ஸ் விற்ற முறை கூர்ந்து நோக்கத்தக்கது. பார்சல் நிறுவனத்தின் அலுவலகத்துக்கு வந்துசேரும் கடிகாரத்தை வாங்குபவர் அங்கேயே எடுத்துப் பார்த்து, பிடித்திருந்தால் மட்டும் பணம் செலுத்தலாம் என அவர் விளம்பரம் செய்தார். முன்பணம் அனுப்பத் தயங்கிய குடியானவர்களின் அச்சத்தை அறிந்து வகுக்கப்பட்ட முறை அது. அதே சியர்ஸ், சோபா ஒன்றையும் நாற்காலிகள் இரண்டையும் ஒரு டாலருக்கும் குறைவான விலைக்குத் தருவதாக விளம்பரம் செய்து, பொம்மை வீட்டுக்கான குட்டிச் சாமான்களை அனுப்பியதாகவும், அளவு பற்றிய சொல் பொடி எழுத்தில் ஒளிந்திருந்ததாகவும் அவர் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். பார்த்தபின் பணம் என்ற இடத்தில் நேர்மையும், பணம் முதலில் என்ற இடத்தில் ஏய்ப்பும் ஒரே வணிகரிடம் குடியிருந்தன என்பதால், தனிமனிதக் குணத்தைவிடக் கொடுக்கல்வாங்கலின் வரிசையே வாடிக்கையாளரைக் காத்தது என்று கொள்வதே பொருத்தம்.

அவருக்கு முன்பே, 1872இல் சிகாகோவில் தபால் வணிகம் தொடங்கிய மாண்ட்கமரி வார்டு அடுத்த ஆண்டிலேயே ஐயத்துக்கு ஆளானார். அந்நிறுவனம் மோசடிக் கூட்டம் என்று சிகாகோ ட்ரிப்யூன் நாளிதழ் 1873இல் எச்சரித்துப் பின்னர் அதனைத் திரும்பப் பெற்றது. மனநிறைவு இல்லையெனில் பணத்தைத் திருப்பித் தருவதாக வார்டு 1875இல் அளித்த உறுதிமொழி இந்த ஐயச் சூழலில் விளைந்ததே. அஞ்சல் வழி மோசடியைக் குற்றமாக்கிய சட்டத்தை அமெரிக்க நாடாளுமன்றம் 1872இலேயே இயற்றியிருந்தது என்பது, ஏமாற்று எவ்வளவு பரவியிருந்தது என்பதற்குச் சான்று.

இந்தியாவில் இதே சிக்கலுக்கு அரசே விடை தேடியது. 1877இல் அஞ்சல் துறை அறிமுகப்படுத்திய வி.பி.பி., அதாவது பொருளின் மதிப்பைப் பெற்றுக்கொண்டு ஒப்படைக்கும் அஞ்சல் முறை, தமிழ் வாசகர்களுக்கு நெடுநாள் பழக்கமானது. அனுப்புபவர் வசூலிக்க வேண்டிய தொகையைப் படிவத்தில் குறித்துப் பார்சலை ஒப்படைப்பார். பெறுபவர் தபால்காரரிடம் தொகையைச் செலுத்திய பிறகே பார்சல் அவர் கைக்கு வரும். வசூலான பணம் மணியார்டராக விற்றவரைச் சென்றடையும். கடிகாரம், பேனா, மருந்து, நாவல் என எதையும் பட்டணத்திலிருந்து சிற்றூர் வாசலுக்குக் கொண்டுவந்த இம்முறை பெரும் வசதி என்பதில் ஐயமில்லை. 1928இல் ஆனந்த விகடனை வாங்கிய எஸ்.எஸ்.வாசன் அதற்கு முன்பு விளம்பரத் தொழிலிலும் தபால் வழி விற்பனையிலும் ஈடுபட்டிருந்தவர் என்பது, தமிழ் இதழுலகும் இவ்வணிகமும் எவ்வளவு நெருங்கியிருந்தன என்பதைக் காட்டும். ஆயினும் சியர்ஸின் வாடிக்கையாளருக்குக் கிடைத்த ஒன்று வி.பி.பி. பெற்றவருக்குக் கிடைக்கவில்லை. பணம் செலுத்தும் முன் கட்டைப் பிரிக்க அவருக்கு உரிமை இல்லை. வாசலில் தபால்காரர் நிற்க, முத்திரையிட்ட பொதியின் வெளிப்புறத்தை மட்டும் பார்த்து அவர் முடிவெடுக்க வேண்டியிருந்தது.

இந்த ஓட்டையைச் சட்டம் ஓரளவு அடைக்க முயன்றது. 1898ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் நிலையச் சட்டத்தின் 35ஆம் பிரிவு, உண்மையாகவே பெறப்பட்ட கோரிக்கையின் பேரில்தான் பொருள் அனுப்பப்படுகிறது என்று அனுப்புபவர் உறுதிகூற வேண்டும் என விதிக்கவும், மோசடி நேர்ந்தால் வசூலித்த தொகையை நிறுத்திவைத்துப் பெறுநருக்கே திருப்பித் தரவும் விதிகள் வகுக்க இடமளித்தது. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவே நின்று, பணத்தைச் சற்றுநேரம் தன்னிடம் பிடித்துவைக்கும் மூன்றாம் கையாக அஞ்சல் துறை கருதப்பட்டது என்பதே இதன் சிறப்பு.

ஆடம்பர நிறுவனங்கள் தேடிய விடை வேறு. தம் பெட்டிகளின் துணியைப் பிறர் போலி செய்வதைத் தடுக்க லூயி வித்தோன் நிறுவனம் 1888இல் கட்டமிட்ட துணியில் தன் பெயரைப் பொறித்தது. 1896இல் எழுத்துப் பின்னலும் மலர்களும் கொண்ட புகழ்பெற்ற முத்திரையை உருவாக்கியது. பொருளைச் சோதிக்கும் கைக்குப் பதிலாக முத்திரையே சான்றாக நின்றது. இணையத்தில் படத்தை மட்டுமே காண இயலும். படத்தில் முதலில் தெரிவது முத்திரை. முத்திரையோ எளிதாக நகலெடுக்கப்படுவது. டிஃபனி நிறுவனம் ஈபே தளத்தின்மீது 2004இல் தொடுத்த வழக்கில், தன் பெயரில் அங்கு விற்ற வெள்ளி நகைகளில் தான் வாங்கிச் சோதித்தவற்றுள் ஏறத்தாழ 73 விழுக்காடு போலி என முறையிட்டது. ஆய்வு முறையில் குறை கண்ட நீதிமன்றம்கூட, ஏறக்குறைய 30 விழுக்காடாவது போலியே என்று ஒப்பியது. எனினும் தன் முத்திரையைக் காவல்காக்கும் பொறுப்பு டிஃபனிக்கே உரியது என 2008இல் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் பிரெஞ்சு நீதிமன்றமொன்று இதற்கு மாறாக ஈபேயைப் பொறுப்பாக்கி, லூயி வித்தோனின் தாய்க் குழுமத்துக்கு ஏறத்தாழ 4 கோடி யூரோ இழப்பீடு வழங்கப் பணித்தது. இரு தீர்ப்புகளிலும் வழக்காடியவர்கள் நிறுவனங்களே. போலியை வாங்கி ஏமாந்தவர் எதிலும் வாதியாக இல்லை.

வாங்குபவரை நேரடியாகக் கருதிய சட்டம் ஐரோப்பாவில் வந்தது. 1997ஆம் ஆண்டின் தொலைவிற்பனை நெறியுரை, காரணம் எதுவும் கூறாமலே பொருளைத் திருப்ப ஏழு வேலைநாள்கள் அளித்தது. 2011இன் நெறியுரை அதனை 14 நாள்களாக்கியது. வாங்குபவரின் விருப்பப்படி பெயரெழுத்துப் பொறித்தவை போன்ற தனிவடிவப் பொருள்களுக்கு இவ்வுரிமை இல்லை என்பதை ஆடம்பரப் பொருள் வாங்குவோர் மறந்துவிடக் கூடாது.

இந்தியாவின் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வாங்குபவர் தாம் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்க வழிசெய்தது; 1986ஆம் ஆண்டுச் சட்டத்தில் இல்லாத இவ்வசதி, தொலைவணிகத்தைப் பொறுத்தமட்டில் உண்மையான முன்னேற்றம். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள், முறையீட்டைப் பெற்றதாக 48 மணி நேரத்துக்குள் ஒப்பவும் ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் பணிப்பதோடு, குறையுடைய, போலியான, விளம்பரத்தோடு ஒவ்வாத பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்றும் கூறுகின்றன. ஆனால் குறை உண்டென்று காட்டும் சுமை பெரும்பாலும் வாங்கியவர் தோளிலேயே விழுகிறது. பெட்டியைத் திறந்து பார்த்து, மனம் ஒப்பவில்லை என்ற ஒரே காரணத்துக்காகத் திருப்பித் தரும் பொது உரிமை இந்தியச் சட்டத்தில் இன்றளவும் இல்லை. பார்த்தபின் பணம் என்பதை விற்பவரின் நல்லெண்ணத்துக்கு விட்டுவிடாமல் சட்டமாக்குவதே நாடாளுமன்றம் இவ்வகையில் அடுத்துச் செய்ய வேண்டிய வேலை.